நாய் கேட்டுப் போனா நம்மள எதுக்கு இன்டர்வியூ பண்றாங்க?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட் முடியும்போது, "நாய் தத்தெடுக்கப் போய் ரிஜெக்ட் ஆன கதை ஒண்ணு இருக்கு, அப்புறம் சொல்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி, "ப்ரோ, எனக்கும் அதே கதைதான்." அதனால இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

கேள்வி ரொம்ப சாதாரணம். தெருவுல எங்க பார்த்தாலும் நாய். காப்பகங்கள் தினமும் "இடமில்ல, யாராவது எடுத்துக்கோங்க"ன்னு போஸ்ட் போடுறாங்க. சரி, நான் எடுத்துக்கிறேன்னு போய் நின்னா, பொண்ணு பார்க்கப் போன வீட்டுல கூட கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுட்டு, கடைசியில "சாரி"ங்கிறாங்க. ஏன்?

முதல்ல என் கதை. நான் சென்னையில ஒரு வாடகை ரூம்ல மூணு பேரோட இருக்கேன். சொந்த ஊர் மாகறல். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரை ஊர். திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கே, அந்த மாகறல்தான். அப்பா பட்டு நெய்றவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. போன வருஷம் எங்க நாய் மணி செத்துப்போச்சு. அதுக்கப்புறமும் அம்மா ராத்திரி மிச்ச சோத்தைத் தட்டுல போட்டு எடுத்துட்டு வந்து, திண்ணையில ஒரு நிமிஷம் நின்னுட்டு உள்ள போயிடுறாங்கன்னு அப்பா போன்ல சொன்னார். சொல்லிட்டு உடனே வேற பேச்சுக்குப் போயிட்டார். அவர் அப்படித்தான்.

சரி, ஒரு குட்டி கொண்டுபோய்க் கொடுப்போம்னு முடிவு பண்ணேன். காசு கொடுத்து வாங்கக் கூடாது, காப்பகத்துல இருந்துதான் எடுக்கணும். ஏதோ பெரிய தர்மம் பண்ணப் போற மாதிரி ஒரு தெம்பு வேற.

எந்தக் காப்பகம்னு கேட்காதீங்க, பேர் சொல்லப் போறதில்ல. முதல்ல ஒரு ஃபார்ம், முழுக்க இங்கிலீஷ்ல. சொந்த வீடா, வாடகை வீடா? வாடகைன்னா ஓனர்கிட்ட லெட்டர். நாய் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியா இருக்கும்? ராத்திரி எங்க படுக்கும்? வேற ஊருக்கு மாத்தல் வந்தா என்ன பண்ணுவீங்க? கல்யாணம் ஆகி, வர்றவங்களுக்கு நாய் பிடிக்கலைன்னா? அப்புறம் ஒரு கேள்வி: இதுக்கு முன்னாடி வளர்த்த நாய் எப்படி இறந்தது?

நான் "வயசாகி"ன்னு எழுதினேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணாங்க. என் வயசுதான் இருக்கும், தன்னார்வலர். நல்லாதான் பேசினாங்க. நடுவுல, "மணிக்கு எத்தனை வயசு இருந்துது, ப்ரோ?"ன்னு கேட்டாங்க. யோசிக்காம "நாலு"ன்னுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

உண்மையைச் சொல்றேன். எங்க தெருவுல காலையில பாவு நீட்டிக் கஞ்சி போடுவாங்க. பட்டு இழை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். நாய் ஒருதடவை குறுக்க ஓடினா ஒரு புடவையோட கூலி போச்சு. அதனால மணியைக் காலையில கட்டிப்போடுவோம். காலையிலன்னு ஆரம்பிச்சது, போகப் போக நாள் முழுக்கன்னு ஆயிடுச்சு. சங்கிலி சின்னது. ஒருநாள் மத்தியானம் அறுத்துட்டு ஓடி, மெயின் ரோட்டுல லாரியில அடிபட்டுச்சு. ஊர் முகாம்ல போட்ட வெறிநோய் ஊசியைத் தவிர வேற எந்த ஊசியும் அதுக்குப் போட்டதில்ல.

இதை அந்தப் பொண்ணுகிட்ட அப்ப நான் சொல்லல. "வயசாகின்னு போட்டிருக்கீங்களே"ன்னாங்க. ஏதோ உளறினேன். சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு: உங்களுக்குக் குட்டி தர முடியாது.

வந்த கோவத்துல கூகுள்ல ஒரு ஸ்டார் ரிவ்யூ போட டைப் பண்ணி வச்சேன். போடல. ஆனா கோவம் அடங்க நாளாச்சு. அடங்கினப்புறம்தான் இந்த ரூல்ஸ் எல்லாம் எங்கிருந்து வருதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல் விஷயம், இந்தக் கேள்வியில பெரும்பாலானதைச் சட்டம் கேட்கச் சொல்லல. தத்தெடுக்கிறதுக்கு விலங்கு நல வாரியம் 2022-ல ஒரு நடைமுறை வெளியிட்டிருக்கு. ஆனா வீட்டு ஓனர் லெட்டர், இத்தனை கிலோமீட்டருக்குள்ளதான் வீடு இருக்கணும், மாசாமாசம் போட்டோ அனுப்பணும் மாதிரி கண்டிஷன் எல்லாம் அந்தந்தக் காப்பகம் தானா வச்சிருக்கிறது.

ஏன் வச்சிருக்காங்கன்னா, சட்டத்துக்குப் பல் இல்ல. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல வந்தது. அதுக்கு முன்னாடி ராஜ்யசபாவுல தனிநபர் மசோதா கொண்டுவந்து அதைப் பேசவச்சவங்க நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. அதோட 11-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. நாயை ரொம்ப நேரம் சின்னச் சங்கிலியில கட்டி வைக்கிறது குற்றம். எப்பவும் கட்டியே வச்சிருக்கிற நாயை நடக்க, ஓட விடாம இருக்கிறது குற்றம். பசியில கிடக்கட்டும்னு எங்கேயாவது விட்டுட்டு வர்றதும் குற்றம். எனக்குப் படிக்கும்போதே வேர்த்துடுச்சு, அது வேற. முதல் தடவை பிடிபட்டா அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயில இருந்து ஐம்பது ரூபாய் வரைக்கும். 1960-ல அது காசு. இன்னைக்கு ஒரு டீயும் வடையும்.

அதாவது, நாயைக் கொடுத்தப்புறம் அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா காப்பகத்தால பெருசா எதுவும் பண்ண முடியாது. அதனால முழு ஜாக்கிரதையையும் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கொட்டுறாங்க. போலீஸ், கோர்ட்டு பண்ண வேண்டிய வேலையை ஒரு கூகுள் ஃபார்ம் பண்ணுது.

ரெண்டாவது, காப்பகத்துல யார் இருக்காங்கங்கிறது. தெருநாய் எல்லாத்தையும் பிடிச்சு அங்க அடைச்சு வச்சிருக்காங்கன்னு நானும் நினைச்சிருந்தேன். இல்ல. 2023-ல வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாயைப் பிடிச்சா கருத்தடை, வெறிநோய் ஊசி ரெண்டும் போட்டு, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும். காதுல சின்னதா ஒரு வெட்டு இருக்கே, அது அந்த ஆபரேஷன் முடிஞ்ச அடையாளம். இந்த வேலைக்கு முன்னோடி சென்னைதான். 1959-ல வெள்ளத்துல தத்தளிச்ச ரெண்டு நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வந்த விமானி கேப்டன் சுந்தரம் குடும்பம் ஆரம்பிச்சதுதான் ப்ளூ கிராஸ். 1964-லயே அவங்க தெருநாய் கருத்தடையை ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப மாநகராட்சிகளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி பிடிச்சுக் கொல்றது.

ஆக, திரும்ப விட முடியாததுதான் காப்பகத்துல தங்குது. அடிபட்டது, தாய் இல்லாத குட்டி, வீட்டுல வளர்த்துட்டு கேட் வெளியில கட்டிட்டுப் போனது. அந்தக் கடைசி ரகத்துக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரங்களும் ஒருநாள் "நல்லா பார்த்துப்போம்"னு சொன்னவங்கதான். கல்யாணம், மாத்தல், ஓனர் பத்தி ஃபார்ம்ல இருக்கிற கேள்வி ஒவ்வொண்ணும், திரும்பி வந்த ஏதோ ஒரு நாய் எழுதினதுன்னு நினைச்சுக்கோங்க.

குட்டி விஷயத்துல இன்னும் கறாரா இருப்பாங்க. அதுக்குக் காரணம் பார்வோ. இந்த வைரஸ் உள்ள போயி அறிகுறி காட்ட ஒரு வாரம், சில சமயம் ரெண்டு வாரம் ஆகும். நீங்க தூக்கிட்டுப் போற அன்னைக்குக் குட்டி துள்ளிக் குதிக்கும். அடுத்த வாரம் வாந்தி, ரத்தபேதி. அதுக்கும் மேல, அது வீட்டு மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். முன்ன ஒரு குட்டி பார்வோல செத்த வீட்டுக்கு ஊசி முடியாத குட்டியைக் கொடுத்தா அதுவும் போகலாம். "முந்தின நாய் எப்படிச் செத்துச்சு"ங்கிறது நம்மளைக் குத்திக் காட்ட கேட்கிற கேள்வி இல்ல, மருத்துவக் கேள்வி. ஊசி ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, சில வாரத்துக்கு ஒருதடவை திரும்பப் போடணும். வெறிநோய் ஊசி மூணு மாசத்துல. கருத்தடை அதுக்கும் அப்புறம். இதெல்லாம் குட்டி நம்ம வீட்டுல இருக்கும்போது நடக்கணும். கருத்தடை பண்ணாத பெட்டைக்குச் சினைக்காலம் ரெண்டே மாசம்தான். ஒரு குட்டியைக் கொடுத்து ஆறு குட்டி திரும்பி வந்தா அவங்க எங்க போவாங்க? தூரத்து ஊருக்குத் தரமாட்டேன்னு சொல்றதும் இதனாலதான். மாகறலுக்கு வந்து பார்த்துட்டுப் போக ஒரு தன்னார்வலருக்கு முழு ஞாயிற்றுக்கிழமை போயிடும்.

இவ்வளவு சொன்னதால எல்லா ரூலும் நியாயம்னு நான் சொல்லல. சிலது எனக்கு இப்பவும் பிடிக்கல. சொந்த வீடுதான் வேணும்னா, இந்த எபிசோடைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல எத்தனை பேர் தேறுவீங்க? அடுக்குமாடி சங்கம் ஓட்டெடுப்பு நடத்தினாலும் செல்லப்பிராணியைத் தடை பண்ண முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015-லயே சொல்லியிருக்கு. ஆனா ஓனர் "நாயா, நீயா"ன்னு கேட்டா நாம சட்டம் பேசிட்டு நிக்க முடியாது. அதனால லெட்டர் கேட்கிறது சரி. வாடகைன்னாலே கிடையாதுங்கிறது தப்பு. ஃபார்ம் இங்கிலீஷ்ல மட்டும் இருக்கிறதும் அப்படித்தான். எங்கம்மா பத்து நாயை வளர்த்தவங்க, அந்த ஃபார்ம்ல பேர் கூட எழுத மாட்டாங்க. யாரை வடிகட்டுறோம்னு தெரியாமலே அது வடிகட்டுது.

வெளிநாட்டுலயும் இந்தச் சண்டை உண்டு. 2007-ல அமெரிக்க டிவி பிரபலம் எலன் டிஜெனரெஸ் தத்தெடுத்த இக்கிங்கிற நாய் வீட்டுப் பூனைங்களோட ஒத்துப்போகல. அதைத் தன்னோட முடிதிருத்துநர் குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. "எங்களைக் கேட்காம கை மாத்தக் கூடாது"ன்னு ஒப்பந்தத்துல இருக்குன்னு சொல்லி, அமைப்பு நாயைத் திரும்ப எடுத்துக்கிச்சு. எலன் டிவியிலயே அழுதாங்க. அந்த வீட்டுக் குழந்தைகள் நாயோட ஒட்டிக்கிட்டிருந்தாங்க. ரூல் சரிதான், ஆனா அந்த நாய்க்கு என்ன நல்லது நடந்துச்சு? இப்ப அங்க பல காப்பகங்கள் ஃபார்மைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்து பேசுறாங்க. இலவசமா கொடுத்தா மதிக்க மாட்டாங்கங்கிறதும் ஒரு நம்பிக்கை. 2009-ல பூனைகளை வச்சு ஒரு ஆய்வு வந்தது. காசு கட்டி எடுத்தவங்களுக்கும் சும்மா எடுத்தவங்களுக்கும் பாசத்துல வித்தியாசம் தெரியல.

இங்க நிலைமை இன்னும் இறுகுது. 2025 ஆகஸ்ட் 11-ல டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய் எல்லாத்தையும் காப்பகத்துல அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 22-ம் தேதி மூணு நீதிபதி அமர்வு அதை மாத்தி, வெறிநோய் இருக்கிறது, மூர்க்கமா இருக்கிறது தவிர மத்ததை ஊசி, கருத்தடை முடிச்சுத் திரும்ப விடலாம்னு சொன்னாங்க. அதே உத்தரவுல, விருப்பமுள்ளவங்க உள்ளாட்சிகிட்ட விண்ணப்பிச்சுத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனா அது மறுபடி தெருவுக்கு வராம பார்த்துக்கிறது அவங்க பொறுப்புன்னும் இருக்கு. நவம்பர் 7-ல பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடங்கள்ல பிடிக்கிற நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாதுன்னு இன்னொரு உத்தரவு. அப்ப அதெல்லாம் எங்க போகும்? காப்பகத்துக்குத்தான். கூட்டம் கூடக் கூட, "இல்ல"ன்னு சொல்றதோட விலையும் கூடுது. அங்க உள்ள இருக்கிறவங்களுக்கும் இது தெரியும்.

என் கதைக்கு வர்றேன். ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கே மெசேஜ் பண்ணேன். மணி எப்படிச் செத்துச்சுன்னு முழுசா எழுதினேன், சங்கிலி உட்பட. குட்டி வேணாம், ஊசி, கருத்தடை எல்லாம் முடிஞ்ச பெரிய நாய் ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேன். பதில் ஒரே வரி: "அப்பா அம்மாவோட வீடியோ கால்ல பேசலாமா?"

அந்த கால் பார்க்கணும் நீங்க. அப்பா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வீடு முழுக்கக் காட்டினார். தறியைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு, "அங்கிள், அந்தக் குழிக்குள்ள விழுந்துடாதா?"ன்னாங்க. அப்பா, "அதுலதாம்மா முப்பது வருஷமா நானே கால விட்டு உக்காந்திருக்கேன்"னார். அப்புறம் பாவு போடுற நேரம் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. அப்பா கொஞ்ச நேரம் பேசல. "பின்கட்டுல வேலி அடைச்சுத் தர்றேன். கட்ட மாட்டேன்"னார். அம்மா பின்னாடி இருந்து, எங்க கோயில் சாமிக்கே அடைக்கலங்காத்த நாதர்னு பேரு, தெரியுமான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரியல. ராஜா துரத்தின பொன் உடும்பு புத்துக்குள்ள போன கதையை அம்மா பத்து நிமிஷம் சொன்னாங்க. தலபுராணத்தை முழுசா கேட்டுட்டுத்தான் போனை வச்சாங்க, பாவம்.

வந்தது மூணு வயசுப் பெட்டை. கறுப்பு, காதுல வெட்டு, பின்னங்கால் ஒண்ணு லேசா தாங்கும். பெரிய நாய், பெட்டை நாய், நாட்டு நாய்னு மூணும் சேர்ந்தா யாரும் கேட்க மாட்டாங்களாம். ரெண்டு வருஷமா அங்கேயே இருந்திருக்கு. ஒப்பந்தத்துல அப்பா தமிழ்ல கையெழுத்துப் போட்டார். கட்டக் கூடாது, கொடுக்கக் கூடாது, வளர்க்க முடியலைன்னா அவங்ககிட்டயே திருப்பித் தரணும்.

முதல் ஒரு வாரம் தறிக்குக் கீழேயே படுத்துக் கிடந்துச்சு, சாப்பிடல. அம்மா பயந்துட்டாங்க. புது இடம்னா அப்படித்தான், ஒரு மூணு வாரமாவது விடுங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னாங்க. ஒன்பதாவது நாள் சாயங்காலம் தானா எழுந்து திண்ணைக்கு வந்துச்சாம். வேலியைப் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவங்க மாகறல் வர்றாங்க. வேலி இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு. சனிக்கிழமையே ஊருக்கு வந்துடுன்னு அப்பா சொல்லியிருக்கார்.