முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பல வீடுகளில் முதியோர் இல்லம் பற்றிய பேச்சே எழும். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் வாசலில் தோட்டமும் பளபளக்கும் தரையும் தெரிந்தால் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் நடமாட முடியாத ஒருவருக்கு அங்கே பாதுகாப்பு என்பது, ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்கள் செய்த வேலையை எழுதி வைக்கிறார்களா என்ற இரண்டையும் பொறுத்தது. இவற்றைக் கேட்கத் தயங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது இந்தச் சட்டம். அந்த இல்லங்களுக்கான தரத்தை வகுக்கும் பொறுப்பையும் மாநிலத்திடமே விட்டிருக்கிறது.

மத்திய அரசு தயாரித்த மாதிரி விதிகளில் சில அளவுகள் உண்டு. படுக்கும் இடம் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 80 சதுர அடி. சாய்தளமும் பிடிமானக் கம்பியும் வேண்டும், குடிநீர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். ஏழைகளுக்கான இலவச இல்லத்துக்கே இதுதான் அளவு என்றால், மாதாமாதம் கட்டணம் வாங்கும் இல்லம் இதற்குக் குறைவாக இருப்பதில் நியாயமே இல்லை.

பராமரிப்பு இல்லங்கள் எல்லாவற்றுக்கும் பதிவைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. ஆகவே, பதிவு இருக்கும் என்று நம்பிவிடாமல், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருந்தாலும் மற்றதை நீங்களே நேரில் பாருங்கள்.

ராத்திரி யார் இருக்கிறார்கள்?

பகலில் ஆட்கள் நிறைய இருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா, நர்ஸ் இருக்கிறாரா, மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது முதியவர்கள் விழ வாய்ப்புண்டு. கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் அழைப்பு மணி, கழிவறை வரை விளக்கு, வழுக்காத தரை, கம்மோடின் பக்கத்தில் கம்பி ஆகியவை அவசியம். மணியை அழுத்திப் பார்த்து, ஆள் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களைப் பாருங்கள்

ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போகும். படுக்கைப் புண் வருவது இப்படித்தான். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால், ஈரமான டயப்பரை உடனே மாற்றினால், பெரும்பாலான புண்களைத் தடுத்துவிடலாம். புரட்டிய நேரத்தை எழுதும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருந்துக்கும் அதே மாதிரி நோட்டு வேண்டும்: யாருக்கு, எந்த மாத்திரை, எப்போது, கொடுத்தவர் கையெழுத்து. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுவது நல்ல இல்லத்தின் அடையாளம். எடை தொடர்ந்து குறைந்தால், சாப்பாடு சரியாக இறங்கவில்லை அல்லது நோய் ஏதோ இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்து, அவசரப்படாமல் ஊட்ட வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம்.

கட்டிப்போடுவது கூடாது

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கியிருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடை செய்கிறது. முதியோர் இல்லங்களும் மறக்கக் கூடாத பாடம் இது. மறதி நோய் உள்ளவர் அலைகிறார் என்று கட்டிலோடு கட்டிவைக்கும் இல்லத்தில் உங்கள் அப்பாவைச் சேர்க்காதீர்கள். இரவில் வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, இரண்டாவது வழி உண்டா, தீயணைப்புக் கருவி காலாவதியாகவில்லையா என்று பாருங்கள்.

பணமும் புகாரும்

கட்டணத்தில் என்னென்ன அடக்கம், டயப்பருக்கும் டாக்டருக்கும் தனியாக வாங்குவார்களா, வெளியேறினால் அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். குறை இருந்தால் முதலில் நிர்வாகியிடம் எழுதிக் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ ஆட்சியரிடமோ போகலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்தையும் அரசு அமைப்பு ஒன்று சோதித்து, நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து, அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. நம் ஊரிலும் அந்த ஏற்பாடு வர வேண்டும். அதை அரசிடம் கேட்பது நம் கடமை. அதுவரை சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கும் மகனும் மகளும்தான் அங்கே சோதனை அதிகாரிகள். எந்த நேரத்தில் வந்தாலும் உள்ளே விடும் இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். சேர்த்த பிறகும் அடிக்கடி போங்கள். தூரத்தில் இருந்தால் பக்கத்து ஊர் உறவினர் ஒருவரையாவது போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.