பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பானை

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் எல்லாப் பொத்தான்களும் நீலம்தான். ஒரு பெட்டியில் 16. பொத்தானின் மேல் எழுத்தோ குறியோ கிடையாது. எதை அழுத்தினால் யாருக்கு ஓட்டு என்பதைப் பக்கத்திலுள்ள பெயரும் புகைப்படமும் சின்னமும்தான் சொல்கின்றன. அவசரத்தில் கண் தேடுவது சின்னத்தை.

பொத்தானுக்குக் குறி வைப்பது புதிதல்ல. டி.வி. ரிமோட்டின் பவர் பொத்தானில் வட்டத்தை மேலே பிளந்து நிற்கும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த குறி. கடலூரிலும் ஜப்பானிலும் ஒன்றே.

ஓட்டு இயந்திரத்தின் குறிகளையோ முடிவு செய்வது டெல்லியிலுள்ள தேர்தல் ஆணையம். 1968-ஆம் ஆண்டு சின்னங்கள் ஆணைப்படி, அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு நிரந்தரச் சின்னம். மற்றவர்களுக்குப் பொதுப் பட்டியலில் ஒன்று. அந்தப் பட்டியலில் குக்கரும் மிக்சியும்கூட உண்டு. பல சின்னங்கள் எம்.எஸ்.சேத்தி என்ற ஆணைய ஓவியர் பென்சிலால் வரைந்தவை. அவர் ஓய்வு பெற்றது 1992-இல்.

கடலூரில் 2024 மக்களவைத் தேர்தலில் கை, மாம்பழம், முரசு மோதின. மூன்றும் ஊரறிந்த பழைய படங்கள், யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தொகுதியான சிதம்பரத்தில் கதை வேறு. அங்கே விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் (விசிக) தொல்.திருமாவளவன் 2009-இல் நின்றது நட்சத்திரத்தில், 2014-இல் மோதிரத்தில், 2019-இல் பானையில். வேட்பாளர் அவரேதான்; கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் படம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சின்னம் கைக்கு வந்த பிறகு இருக்கும் சில நாள்களுக்குள் அதை ஊர் ஊராகப் பதியவைத்தாக வேண்டும். சுவரில் பானை, கையில் பானை என்று தொண்டர்கள் சுற்றியது அதற்குத்தான். 2019-இல் அவர் வென்றது வெறும் 3,219 ஓட்டில். இத்தனை நெருக்கத்தில், சின்னம் தெரியாமல் தடுமாறும் விரல்கள் சில ஆயிரம் இருந்தால் போதும், முடிவே புரண்டுவிடும். 2024-இல் மறுபடியும் பானை. வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்குச் சின்னம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இம்முறை பானையை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 2025 ஜனவரியில் விசிக-வுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது, பானையும் நிரந்தரமானது.

பார்வையற்ற வாக்காளருக்கு இந்தப் படங்களால் பயனில்லை. அவர்களுக்காகப் பொத்தானை ஒட்டிப் பிரெயிலில் எண் இருக்கிறது. பிரெயிலில் அச்சிட்ட மாதிரிச் சீட்டை வாக்குச்சாவடியில் கேட்டு வாங்கி, தன் வேட்பாளரின் எண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போகலாம்.