ஓடைத் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்? சொட்டுநீர் அடைக்காமல் இருக்க எளிய வழிகள்

கொடைக்கானல் கீழ்மலையில் வடகவுஞ்சி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் மலைவாழை, காபி, மிளகுக்குச் சொட்டுநீர் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓடைத் தண்ணீரை மேட்டில் தொட்டி கட்டித் தேக்கினால், மோட்டார் இல்லாமலே தோட்டத்துக்குப் பாயும். ஆனால், அந்தத் தண்ணீரோடு சருகு, பாசி, வண்டல் எல்லாம் சேர்ந்து வரும். துளிப்பானில் தண்ணீர் போகும் வழி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அது அடைத்தால், செடி வாடிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

தண்ணீரைப் பார்த்து வாங்குங்கள்

ஆழ்துளைக் கிணற்றில் மணல் வந்தால், மணலைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் போதும். ஓடை, குட்டை, திறந்த கிணறு என்றால் பாசி இருக்கும். அதற்கு மணல் ஃபில்டர் வேண்டும். நீச்சல் குளங்களில் இருப்பதும் இதே வகைதான். அதற்கு அடுத்து 120 மெஷ் சல்லடை ஃபில்டர் அல்லது டிஸ்க் ஃபில்டர் கட்டாயம். வெறும் சல்லடையை மட்டும் வைத்தால், பாசி ஒட்டிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது?

பலரும் ஃபில்டரைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். அங்கே தண்ணீருக்கு அழுத்தம் கிடையாது. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். குழாயின் உராய்விலும் கொஞ்சம் குறையும். அதனால், ஃபில்டரைக் கீழே, வயலுக்குத் தண்ணீர் பிரியும் இடத்தில் வையுங்கள். இறக்கம் 10 மீட்டருக்குள் இருந்தால், மணல் ஃபில்டரைக் கழுவ அழுத்தம் போதாது. அங்கே வண்டல் படியும் தொட்டியும், கழற்றிக் கழுவும் டிஸ்க் ஃபில்டரும் நல்லது.

பராமரிப்பு

* ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் மீட்டர் வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவைத் தொட்டால் கழுவ வேண்டும்.
* மணல் ஃபில்டரில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு, தெளிந்து வரும்வரை வெளியேற்றுங்கள்.
* சல்லடையை மென்மையான பிரஷால் தேயுங்கள். கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.
* மணல் குறைந்தால், அதே அளவுச் சலித்த சிலிக்கா மணலையே போடுங்கள். ஆற்று மணல் வேண்டாம்.
* மாதம் ஒரு முறை பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள். சல்லடையைத் தாண்டும் நுண்ணிய களிமண் அங்கேதான் தங்கும்.
* தொட்டியை மூடி வையுங்கள். வெயில் படாவிட்டால் பாசி வளராது.
* வடகிழக்குப் பருவமழையில் ஓடை கலங்கும் நாள்களில் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள்.

மானியம்

தமிழகத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு, குறு விவசாயி சான்றுடன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தை அணுகுங்கள். ஓடைத் தண்ணீர் என்பதை அங்கேயே சொல்லி, மணல் ஃபில்டரையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். குழாய் பதித்த பிறகு கேட்டால், செலவு உங்கள் கையில்தான் விழும்.