வளைந்த மரத்தை வழவழப்பாக்குதல்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையின் மேற்குச் சரிவில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த தொழிலாளர்களின் குடும்பங்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியில் இறங்கி அம்பாசமுத்திரம் வழியே ஓடுகின்றது. மரத்தாலான சொப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அம்பாசமுத்திரம். விரலளவு உரல், உள்ளங்கையில் அடங்கும் குடம், அடுப்பு, சட்டி ஆகியவற்றை உங்கள் பாட்டியிடம் கேட்டால், தாம் விளையாடியதாகக் கூறக்கூடும்.

இப்பொருள்களில் தட்டையான பக்கம் என்று ஒன்றைக் காண்பது அரிது. குடத்தின் வயிறு புடைத்திருக்கும், கழுத்து உள்வாங்கியிருக்கும், உரலின் குழி ஆழ்ந்திருக்கும். அவற்றைக் கையாளும் குழந்தையோ முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். எனவே மரத்தில் ஒரு சிராய்கூட நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. அதே வேளையில், ஒரே சொப்பைத் தேய்ப்பதிலேயே அரைநாள் கழிந்துவிட்டால் கைவினைஞருக்குக் கூலி கட்டாது. குறைந்த நேரத்தில் குறைவின்றித் தேய்ப்பதற்கு எக்கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காண்போம்.

தேய்ப்பதற்குப் பயன்படும் தாளை உப்புத்தாள் என்பர். இதில் உப்பு ஏதும் இல்லை. கடினமான மணிகளைப் பசையால் ஒட்டிய தாள் அது. தாளின் பின்புறம் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் சிறிதாயின் மணிகள் பருமனானவை; எண் பெரிதாயின் மணிகள் நுண்ணியவை. 80 எண் தாள் உளியின் தடங்களை அகற்றும். 120, 180, 240 என்று படிப்படியாகச் செல்லும்போது மரம் மென்மையுறும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் இட்ட கீறல்களைப் போக்குகின்றது. விரைவாக முடிக்க எண்ணி, 80 எண் தாளிலிருந்து நேரே 240-க்குத் தாவுவோர் பலர். நுண்ணிய மணிகளால் ஆழ்ந்த கீறல்களை எளிதில் அகற்ற இயலாது. ஆதலால் அவர்களுக்கு நேரம் மிகுதியாகவே செலவாகும்.

ஒரு படி முடிந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? பொம்மையின் மேல் பென்சிலால் மெல்லிய கோடுகளைக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தல் வேண்டும். கோடுகள் முற்றும் மறைந்தால், தாள் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டது என்று பொருள்.

தாளைவிட முதன்மையானது அதன் பின்னே இருக்கும் தாங்கி. தட்டையான மேசைப்பலகையைத் தேய்க்க மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்வது சிறந்தது. அதே கட்டையைக் குடத்தின் வயிற்றில் வைத்தால், அது ஒரு கோட்டில் மட்டுமே தொடும். அங்கே தட்டையான முகம் விழுந்துவிடும். புடைத்த வளைவுக்குக் கடற்பஞ்சு போன்ற மெத்தையான தாங்கியே பொருந்தும். அது வளைவுக்கேற்ப அமுங்கி, அழுத்தத்தைப் பரப்பிவிடும். ஆனால் மிகவும் மென்மையான தாங்கி, கூர்மையாக இருக்கவேண்டிய விளிம்பையும் மழுங்கச் செய்துவிடும். ஆகையால் விளிம்பருகே கையை அடக்கியே தேய்த்தல் வேண்டும்.

உள்வாங்கிய வளைவுக்கு உருளைவடிவத் தாங்கி தேவை. குழாய்த்துண்டு, மூங்கில், துடைப்பத்தின் கைப்பிடி என எதுவாயினும் போதும். அதன் பருமன் வளைவைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கவேண்டும். பெரிதாக இருந்தால் வளைவின் இரு ஓரங்களை மட்டுமே தொடும். பொம்மையின் கால், கைப்பிடி போன்ற உருண்ட உறுப்புகளுக்குத் துணியாலான உப்புத்தாளை நாடாவாக வெட்டி, அதன் இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கலாம். காலணிக்கு மெருகேற்றுவது போன்றதே இது. குறுகிய துளைக்கு, நுனி பிளந்த குச்சியில் தாளைச் செருகிச் சுழற்றினால் போதும்.

கடைசல் எந்திரத்தில் பொம்மை சுழலும்போது வேலை இன்னும் எளிது. மரம் தானே சுழல்கின்றது; தாளைத் தொட்டுப் பிடிப்பதே நம் வேலை. துணி நாடாவை ஒருபோதும் விரலில் சுற்றிக்கொள்ளலாகாது. எந்திரம் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். எந்திரத்தில் இட்ட கீறல்கள் மரத்தின் நார்களுக்குக் குறுக்கே அமையும். ஆதலால் இறுதியில் எந்திரத்தை நிறுத்திவிட்டு, நார்கள் ஓடும் திசையில் நுண்ணிய தாளால் ஒருமுறை கையால் தேய்ப்பது நன்று. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்திலோ, சுழலும் பொம்மையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணமிட்ட பின், தாழை ஓலையால் பளபளப்பேற்றுகின்றனர். அப்பொம்மைகளுக்குப் பெரிதும் பயன்படும் வெளிர்நிற மரத்தை நாம் வெட்பாலை என்கிறோம்.

மின்கருவிகளும் உள்ளன. தாள் இதழ்களைச் சுற்றிலும் பொருத்திய சக்கரம், வளைவுகளில் நன்கு படியும். நூறு பொம்மைகள் தேய்க்க அது ஏற்றது. ஒரே ஒரு பொம்மைக்காக அதனை எடுத்துப் பொருத்துவதற்குள் கையால் தேய்த்தே முடித்துவிடலாம். மேலும், அதனை ஓரிடத்தில் நொடிப்பொழுது கூடுதலாக நிறுத்தினாலும் அங்கே பள்ளம் விழும்.

எக்கருவியாயினும் தூள் பறக்கும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அமர்ந்தே தேய்த்தல் வேண்டும்.

மாணவர்களே! வீட்டில் பழைய மரக்கரண்டி இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு இதனைச் செய்து பாருங்கள். 180 எண் தாளால் தேய்த்த பின், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நின்று, மரம் மீண்டும் சொரசொரப்பாகும். அவற்றை 240 எண் தாளால் மெல்ல நீக்குங்கள். பின்னர் ஒரு சிறு பஞ்சை எடுத்து, கரண்டியின் குழியிலும் முதுகிலும் விளிம்பிலும் வருடுங்கள். பஞ்சின் இழை எங்கேனும் சிக்கி நின்றால், அங்கே இன்னும் சிராய் உள்ளது. 180 எண் தாளை மீண்டும் கையில் எடுங்கள்.