பழைய பெட்டி, பழைய பீரோ: வீட்டுக்கு வாங்கும் முன்

நூறு ஆண்டைத் தாண்டிய மரச்சாமானைத்தான் ‘ஆன்டிக்’ என்பது வியாபார வழக்கு. அதைவிட வயது குறைந்து, ஆனால் இன்று யாரும் செய்யாத பாணியில் இருப்பது ‘விண்டேஜ்’. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டமும் தொல்பொருளுக்கு நூறு ஆண்டு என்ற கணக்கையே வைத்திருக்கிறது. கடைகளில் இந்த எல்லையை யாரும் கறாராகக் காப்பதில்லை. ஐம்பது வயது பீரோகூட ‘ஆன்டிக்’ விலைக்குத்தான் பேசப்படும். அந்த வித்தியாசத்தை வாங்குபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாமானின் முகத்தைப் பார்த்தால் அது தெரியாது. முதுகையும் அடியையும் வயிற்றையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்தகைய சாமான்களுக்குப் பெரிய ஊற்று செட்டிநாடு. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திச் செழித்த செட்டிநாட்டு நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். பெட்டியும் அலமாரியும் அதே மரத்தில் உருவாயின. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது. பின்னர் பங்காளிகள் பெருகி, குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பாகம் பிரித்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கேரளத்துச் சாமான்களுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவும், பம்பாய்ச் சாமான்களுக்குச் சோர் பஜாரும் பேர்போனவை. சென்னையில் இப்படிப் பேர்பெற்றிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை.

இந்தக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரியது பத்தாயம். நெல் கொட்டி வைக்கச் செய்தது, அடுக்கடுக்காகக் கழற்றலாம், அடியில் நெல் எடுக்கச் சிறு வாய் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முழுப் பத்தாயம் ஒத்துவராது. அடுத்து, சீர்வரிசையோடு வந்த தேக்குப் பெட்டிகள்: மூலைகளில் பித்தளைப் பட்டை, முன்புறம் கனத்த கொண்டி, உள்ளே ஒரு பக்கத்தில் மூடியோடு கூடிய சிறு அறை. வியாபாரிகள் மடியருகே வைத்து எழுதிய சாய்ந்த மூடிக் கணக்குப் பெட்டியில் ரகசிய அறைகளும் உண்டு. மலபாரின் நெட்டூர்ப் பெட்டி கூரை வைத்த வீடு மாதிரி இருக்கும், நகை வைப்பதற்கானது. சமையலறைக்கு உரியது வலை அலமாரி. பாலும் மீந்த குழம்பும் கெடாமல் காற்றாட இருக்கப் பக்கங்களில் கம்பி வலை. எறும்பு ஏறாதபடி நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் இன்றைக்கும் பாத்திரம், புத்தகம் வைக்க இதைவிட நல்ல அலமாரி அமைவது கடினம். விலையும் பெட்டி, பீரோ அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் வாங்குபவர் கண்ணில் இது அதிகம் படுவதே இல்லை.

எதை வைக்கப்போகிறோம் என்று முடிவுசெய்த பிறகு கடைக்குப் போவது நல்லது. பழைய மரபீரோக்கள் மடித்த வேட்டி, சேலைகளுக்காகச் செய்தவை. பலவற்றின் உட்புற ஆழம் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். சட்டைகளை ஹேங்கரில் தொங்கவிட ஏறக்குறைய இரண்டடி ஆழம் வேண்டும். கம்பி போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டுக் கதவை மூட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. மேலிருந்து திறக்கும் பெட்டியில் அடியில் கிடப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் அள்ள வேண்டும். ஆகவே அது பட்டுச்சேலை, கம்பளி, கொலு பொம்மை மாதிரி ஆண்டுக்குச் சில முறை எடுப்பவற்றுக்கே உகந்தது. தினமும் புழங்கும் துணிக்கு இழுப்பறைதான் சரி.

கனத்தையும் மறக்கக் கூடாது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஓர் அங்குலப் பலகையால் செய்த தேக்குப் பெட்டி, வெறும் பெட்டியே, 60 கிலோவைத் தொடும். அதே பெட்டி ஈட்டி மரமானால் 80 கிலோ வரை போகும். லிஃப்ட் கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.

வயதைப் பார்க்க ஏற்ற இடம் இழுப்பறை. அதை முழுதாக வெளியே உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவால் வடிவில் பற்கள் கோத்திருக்கும். கையால் வெட்டியதென்றால் பல்லுக்குப் பல் அகலம் சற்று மாறும். ஆசாரி அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடும் ஓரத்தில் தெரியும். எல்லாப் பற்களும் அச்சடித்தாற்போல இருந்தால் அது இயந்திர வேலை. அடிப்பலகையில் விரலை ஓட்டினால் இழைப்புளி போன தடம் லேசான மேடுபள்ளமாகத் தட்டுப்படும். வளைவு வளைவான ரம்பத் தடம் இருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது. நூறு ஆண்டு இழுத்து மூடிய அறையின் கீழ் விளிம்பு, தேய்ந்து, உட்சட்டத்திலும் அதற்கு ஈடான பள்ளம் விழுந்திருக்க வேண்டும். விளிம்பு கூராகவே இருந்து மேற்பரப்பு மட்டும் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பு சாயம்தான்.

நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே, அதைவிட மூத்தது என்று சொல்லப்படும் சாமானில் அது இருந்தால் பின்னாளில் கை பட்டிருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டு மாற்றியிருந்தால் தவறில்லை. கீல், கைப்பிடி, பூட்டு எல்லாவற்றிலும் அதுவே இருந்தால் யோசிக்க வேண்டும். முதுகில் ஒட்டுப்பலகை அடித்திருப்பதும் இதே கதைதான். பித்தளைக் கைப்பிடியைச் சுற்றி மரத்தில் வேறொரு வடிவ நிழலோ, அடைத்த துளைகளோ இருந்தால் பழைய கைப்பிடி போய்விட்டது என்று தெரியும். சாவி இல்லாத பழைய பூட்டைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. பழைய நெம்புகோல் பூட்டுக்குச் சாவி செய்யத் தெரிந்த கைகள் திண்டுக்கல்லில் இருக்கின்றன. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பூட்டைப் பெயர்த்தெடுத்து அந்த இடத்தில் புதிது பொருத்துவதுதான் சாமானின் மதிப்பைக் குறைக்கும்.

மரத்தில் தேக்குக்கே முதலிடம். அதன் வைரப்பகுதியில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையைக் கறையான் அண்டாது. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. நல்ல தேக்குப் பெட்டியில்கூட உளுப்பு விழுவது அந்த இடத்தில்தான். ஈட்டி அல்லது தோதகத்தி கனமானது. ஊதாச் சாயல் ஓடிய கரும்பழுப்பு. பலா வெட்டும்போது மஞ்சளாக இருந்து ஆண்டுகள் ஏற ஏறப் பழுப்பாகும். கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அதில் செய்த பெட்டிகள் நிறைய. இலங்கைச் சாமான்களில் பளபளக்கும் முதிரையும் காணலாம். தென்சீனத்திலிருந்து வந்த கற்பூரமரப் பெட்டியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறும். துணிப்பூச்சி அதை நெருங்காது. எந்த மரமானாலும் வெளியே பாலிஷ் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கால் அடியிலோ பலகையின் உள்விளிம்பிலோ பாலிஷ் படாத இடத்தில் மரத்தின் சொந்த நிறத்தைப் பார்க்க வேண்டும்.

உளுவண்டு துளைத்த சிறு ஓட்டைகளைக் கண்டதும் பயப்பட வேண்டியதில்லை. வண்டு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓட்டையின் உட்புறம் கறுத்திருந்தால் பழைய கதை. வெளுத்த மாவு உதிர்ந்தால் இன்னும் வேலை நடக்கிறது. சாமானைத் தட்டிவிட்டு அடியில் வெள்ளைத்தாள் விரித்துச் சில நாள் கழித்துப் பார்த்தால் உறுதியாகும். அப்படிப்பட்டதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களிடம் காட்டிச் சரிசெய்த பிறகே மற்ற மரச்சாமான்களோடு சேர்க்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசும் வீட்டு வைத்தியம் துணிப் பெட்டிக்கு ஆகவே ஆகாது. வாடை போகாது, தீயும் எளிதில் பற்றும்.

இடித்த வீடுகளின் கதவு, சன்னல் சட்டங்களிலிருந்து புதிதாகச் செய்த அலமாரிகளும் சந்தையில் நிறைய வருகின்றன. மரம் உண்மையிலேயே பழையது. அலமாரி போன மாதத்தது. எந்த வேலையும் செய்யாத கீல் பள்ளம், காரணமின்றி அடைத்த துளை, பக்கத்துப் பலகைகளில் வெவ்வேறு வெயில் பட்ட நிறம் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். புதிதாகச் செய்ததென்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. நல்ல மரம் அடுப்புக்குப் போகாமல் தப்பியிருக்கிறது. ஆன்டிக் விலை கேட்பதுதான் மோசடி. பழைய வெறும் கதவில் புதிதாகக் கஜலட்சுமியைச் செதுக்கி விலையேற்றுவதும் இந்த வகைதான். கை பட்டுத் தேயாத கூரான மூக்கும் விரல்களும் செதுக்கலின் வயதைச் சொல்லிவிடும்.

விண்டேஜ் வரிசையில் 1930, 40களின் வளைந்த மூலை, நீள்கண்ணாடி வைத்த பீரோக்கள் இன்றும் மலிவு. மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோத்ரெஜ் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923இல். அந்தப் பழைய பீரோக்களின் தகட்டுக் கனம் இன்று அரிது. அடித்தகடு துருவேறி ஓட்டை விழாமல் இருந்தால் போதும். சண்டிகருக்காக 1950களில் பியேர் ழான்னரே வடிவமைத்த அலுவலகச் சாமான்கள் கழிவாகக் கழிக்கப்பட்டு, பிறகு வெளிநாட்டு ஏலங்களில் பெருந்தொகைக்குப் போயின. அதனால் போலிகளும் பெருகின. பழைய அலுவலக முத்திரை இருப்பது மட்டுமே சான்றாகாது.

பழைய பெயின்ட் அடித்த அலமாரியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஆபத்து. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மூடியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் பெட்டி இன்னொரு அபாயம். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 1912 முதல் 1987 வரை செய்த தேவதாருப் பெட்டிகளில் குழந்தைகள் சிக்கி மூச்சுத்திணறி இறந்ததால், 1996இல் ஏறத்தாழ 1.2 கோடிப் பெட்டிகளின் பூட்டை மாற்ற அறிவிப்பு வந்தது. குழந்தைகள் உள்ள வீட்டில் இத்தகைய பூட்டை முதல் நாளே செயலிழக்கச் செய்துவிட வேண்டும். உயரமான பீரோவைச் சுவரோடு பிணைப்பதும் அவசியம்.

வீட்டுக்கு வந்த சாமானைப் புதிதுபோல் ஆக்க நினைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய தீங்கு. பழைய மேற்பூச்சு பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்; மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் அரக்கு இளகும், இன்றைய பாலியூரித்தேன் இளகாது. அரக்கு என்று தெரிந்தால் தூசி துடைத்து மெழுகு தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இயந்திரத்தால் தேய்த்தால் காலத்தின் நிறம் ஒரே பகலில் போய்விடும், திரும்ப வராது. உட்புறத்துக்கு எந்தப் பாலிஷும் வேண்டாம். வாடை அடித்தால் நிழலில் திறந்துவைத்துக் காற்றாட விடலாம். பட்டு, சரிகைச் சேலைகளை மரத்தில் நேரடியாகப் படாமல் மல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பசை துணியில் கறையாக இறங்கக்கூடும்.

வாங்கும்போது ரசீதில் மரத்தின் பெயர், உத்தேச வயது, செய்த பழுதுபார்ப்பு மூன்றையும் எழுதச் சொல்வது விற்பவருக்கும் பாதுகாப்பு. தொல்பொருள் எனத் தகும் சாமானைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைவிட இளையதானால் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டியிருக்கும். ஈட்டி மரத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு: அது சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றை விசாரித்துக்கொள்ள வேண்டும்.