பீடம் திரும்பிய கதை

பெரிய காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். மூலஸ்தானத்து விமானமும் அதற்கு முன்னால் உள்ள மண்டபமும் இன்று ஒரே கட்டடம் போலத் தோன்றுகின்றன. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் அந்தக் கோயிலை எழுப்பியபோது அவை தனித்தனியே நின்றன. நடுவில் வெட்டவெளி. பிற்காலத்தவர் இடையில் ஓர் அர்த்த மண்டபம் கட்டி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். கும்பிட வந்தவர்களுக்கு நிழல் கிடைத்தது. விமானத்தின் முகப்பு மறைந்தது.

தெய்வம் எங்கே, பூசை செய்கிறவர் எங்கே, கும்பிடுகிறவர் எங்கே என்று இடம் வகுப்பதுதான் எந்தக் கோயிலுக்கும் உள் அமைப்பு. ஏகாம்பரநாதர் சந்நிதியில் குருக்கள் சுவாமியைப் பார்த்துப் பூசை செய்கிறார். தீபாராதனை சமயத்தில் சற்றே ஒதுங்கி நின்று, ஜனங்கள் தரிசிக்க வழி விடுகிறார். "இனிமேல் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் பூசை செய்ய வேண்டும்" என்று ஒருநாள் உத்தரவு வந்தால் காஞ்சி நகரம் என்ன பாடுபடும்!

ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒரு மாறுதல்தான் 1965 முதல் கத்தோலிக்கக் கோயில்களுக்கு வந்து சேர்ந்தது. ரோமாபுரியில் தொடங்கி, தமிழ்நாட்டுக் குக்கிராமத்து ஓட்டுக் கோயில் வரைக்கும் வந்தது.

காணாத பூசை

அதற்கு முன்னால் கோயிலின் உள்ளே எப்படி இருந்தது? கிழக்கோ மேற்கோ, கடைசிச் சுவரை ஒட்டியே பீடம். ஏறிப்போக மூன்று படிகள். பீடத்தின் நடுவில் நற்கருணைப் பேழை, இரு புறமும் உயரமான மெழுகுவர்த்திகள், மேலே மாடங்களில் அர்ச்சியசிஷ்டவர்களின் சுரூபங்கள். படிகளுக்கு இப்பால் குறுக்கே ஒரு கிராதி. அதைத் தாண்டிப் பொது ஜனங்கள் போவதில்லை. நன்மை வாங்குகிறவர்கள் கிராதி ஓரமாக வரிசையாய் முழந்தாளிட்டு நாவை நீட்டுவார்கள்.

சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நிற்பார். மந்திரங்கள் லத்தீனில். முக்கியமான பகுதி முணுமுணுப்பாகத்தான் நடக்கும். ஜனங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணியடித்ததும் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சாமியார் அப்பத்தைத் தலைக்கு மேலே உயர்த்துவார். அந்தக் கண நேரம்தான் தரிசனம்.

"பூசை காணப் போகிறேன்" என்பது தமிழ்க் கத்தோலிக்கர்களின் பேச்சு வழக்கு. காணக் கிடைத்தது பெரும்பாலும் சாமியாருடைய முதுகுதான்! ஆனாலும் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தேர் இழுக்கிறவன் சுவாமியின் முகத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறான்? எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள், சாமியார் முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான் என்பது அன்றைய எண்ணம். 1570-ல் வகுத்த பூசைப் புத்தகம் ஏறக்குறைய 400 ஆண்டுகள் அப்படியே ஆண்டுவந்தது.

ரோமாபுரியிலிருந்து வந்த மாறுதல்

போப்பாண்டவர் 23-வது ஜான் (தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் அருளப்பர்) கூட்டிய வாட்டிகன் மகாசபை 1962 அக்டோபர் 11-ந் தேதி தொடங்கியது. மறு வருஷமே அவர் காலமாகிவிட, ஆறாவது பால் அதைத் தொடர்ந்து நடத்தினார். வழிபாட்டைப் பற்றிய சாசனம் 1963 டிசம்பர் 4-ந் தேதி வெளியாயிற்று. ஜனங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிராமல் பூசையில் பங்கு கொள்ள வேண்டும். அவரவர் தாய்மொழிக்கு இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

கொத்தனாரும் தச்சரும் கோயிலுக்குள் நுழைந்ததற்குக் காரணம் 1964 செப்டம்பரில் வந்த இன்னோர் உத்தரவு. பெரிய பீடம் சுவரை விட்டு விலகித் தனியாக நிற்பது நல்லது, சுற்றி நடந்து வரவும் ஜனங்களைப் பார்த்து நின்று பூசை செய்யவும் இடம் இருக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. 1965 மார்ச் 7-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அன்றைக்கு ரோமாபுரியில் ஒரு பங்குக் கோயிலில் போப்பாண்டவரே இத்தாலிய மொழியில் பூசை வைத்துக் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமாபுரி இராயப்பர் பேராலயம் மேற்கு நோக்கிய அமைப்பு உடையது. ஆகையால் அங்கே போப்பாண்டவரின் பீடத்தில் நிற்கிறவர் நூற்றாண்டுகளாகவே ஜனங்களைப் பார்த்துத்தான் நின்றுவந்தார்!

உடைந்தவை, தப்பியவை

பீடம் திரும்பியதும் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக மாறத் தொடங்கின. ஜனங்களைப் பார்க்கும் சாமியாருக்குப் பின்னால் நற்கருணைப் பேழை வந்துவிட்டது. ஆண்டவருக்கு முதுகு காட்டலாமா? பேழை பக்கவாட்டுக்கு நகர்ந்தது. ஒலிபெருக்கி வந்துவிட்டதால் ஏறிநின்று பேசும் பிரசங்கத் தொட்டிக்கு வேலை போயிற்று. நின்றுகொண்டே நன்மை வாங்கும் பழக்கம் வரவும் கிராதி தேவையில்லாமல் போயிற்று. சில ஊர்களில் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். சில ஊர்களில் பழைய பீடத்தையே இடித்துவிட்டு, மழமழவென்று கிரானைட் பதித்தார்கள்.

தாத்தா காலத்தில் கப்பலில் வந்த சுரூபம் எங்கே, அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய விளக்கு எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது சுலபமாக இல்லை. மகாசபையின் பேரைச் சொல்லி நடந்த இடிப்பு எல்லாம் மகாசபை சொன்னதல்ல. விலை மதிப்புள்ள பொருள்கள் கைமாறாமலும் சிதறாமலும் காக்க வேண்டும் என்று 1963-ம் வருஷத்துச் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. போதாததற்கு, சீர்திருத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பலர் பழைய கலைச் செல்வங்களைப் பாழாக்குகிறார்கள் என்று 1971 ஏப்ரலில் வாட்டிகனிலிருந்தே கண்டனச் சுற்றறிக்கை வந்தது. அதற்குள் எத்தனையோ உடைந்துவிட்டன.

காஞ்சி நெசவாளிக்கு இது எளிதில் புரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கலாம். கோர்வை போடத் தெரிந்தவன் இரண்டையும் பிரியாமல் சேர்ப்பான். தெரியாதவன் கையில் புடவையே பாழ். தமிழ்நாட்டில் பல பங்குகளில் நல்ல வேளையாகக் கோர்வை தெரிந்தவர்கள் இருந்தார்கள். பழைய பீடத்தைச் சுரூபங்களோடு அப்படியே பின்னால் விட்டுவிட்டு, முன்னால் புதிதாக ஒரு மேசைப் பீடத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஒரே கோயிலில் இரண்டு பீடங்கள் இன்றும் நிற்பதன் காரணம் இதுதான்.

குத்துவிளக்கும் சால்வையும்

1969 ஏப்ரல் 25-ந் தேதி, இந்திய மேற்றிராணிமார் கேட்ட பன்னிரண்டு சலுகைகளுக்கு ரோமாபுரி இசைந்தது. பாதரட்சையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வரலாம், தரையில் உட்காரலாம், முழங்காலை மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம், சாமியார் ஐரோப்பிய உடுப்புக்குப் பதிலாகச் சால்வை போர்த்தலாம் என்பவை அவற்றுள் சில. ரோமாபுரி அனுமதி கொடுத்துத்தானா தமிழ்நாட்டு ஜனங்கள் தரையில் உட்கார வேண்டும்? எத்தனையோ கிராமத்துக் கோயில்களில் பெஞ்சு என்ற பேச்சே இருந்ததில்லை! உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு இப்போது கோயிலுக்குக் கோயில் சர்வ சாதாரணம்.

இந்தச் சலுகைகளுக்குப் பின்னால் பெரிதும் உழைத்தவர் டி. எஸ். அமலோற்பவதாஸ் என்ற தமிழ்க் குரு. பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நிலையத்தை அவர் நடத்திவந்தார்.

இந்த வழியில் இன்னும் தூரம் சென்றது குளித்தலை அருகே காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம். 1950-ல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் நிறுவிய ஆசிரமம் அது. 1968-ல் அங்கே வந்து பொறுப்பேற்ற பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியின் காலத்தில், கோயில் இன்றுள்ள உருவைப் பெற்றது. வாசலில் கோபுரம், மூலஸ்தானத்தின் மேல் விமானம், அதில் யோகிபோல் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்து. உள்ளே கருவறை இருட்டு. பேழைக்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஒன்றுதான் வெளிச்சம்.

இதைப் பார்த்துப் பூரித்தவர்கள் உண்டு. பொறுக்காதவர்களும் உண்டு. "எங்கள் பாட்டனார் எதை விட்டு வந்தாரோ அதையே திரும்பக் கொண்டுவருகிறார்களே" என்று கத்தோலிக்கர் சிலர் முகம் சுளித்தார்கள். "எங்கள் சின்னங்களை நீங்கள் எப்படி எடுக்கலாம்?" என்று இந்துக்கள் சிலர் கேட்டார்கள். 1987-ல் இந்த வாதம் பத்திரிகையிலேயே நடந்தது. கேள்வி இரண்டு பக்கமும் நியாயமானதே.

நடுச் சுவர்

தரையில் உட்காருவது சரி; எந்தப் பக்கம் உட்காருவது? ரோமாபுரி உத்தரவுகளில் இல்லாத இந்தக் கேள்விதான் தமிழ்நாட்டுக் கோயில்களை மிகவும் அலைக்கழித்தது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் புகழ்பெற்ற பழைய பங்கு. பின்னாளில் 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான், 1745-ல். அந்த ஊரில் 1872-ல் கட்டிய கோயிலை ஜனங்கள் "காற்சட்டைக் கோயில்" என்றார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து காற்சட்டையின் இரண்டு கால்கள்போல் இரண்டு மண்டபங்கள் பிரிந்து போயின. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார் முதலானோர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே ஒரே பூசை காணலாம்! சாதிக்காகவே வரைபடம் போட்ட கோயில் அது.

1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார், மேற்றிராணியாரின் சம்மதத்தோடு நடுச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை போயிற்று. எதிர்த்தவர்களுக்கு அங்கே வெற்றி கிட்டவில்லை. வாட்டிகன் மகாசபைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அந்த ஒரு சுவர் போனதில் கோயிலின் உட்புறம் மாறியது. பின்னால் பீடம் திரும்பியதால் வந்த மாறுதலைவிட இது பெரிது.

எல்லா ஊரிலும் அது தீர்ந்துவிடவில்லை. விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கே நடுவில் செங்கற்சுவர் ஏதும் தேவைப்படவில்லை.

புதிதாகக் கட்டும்போது வேறு விதமாகவும் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னை சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலையில், தோமையார் உயிர்நீத்து 1,900 ஆண்டுகள் ஆனதையொட்டி 1970-களின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் வட்டமானது. பக்கத்திலேயே 1551-ல் போர்த்துக்கீசியர் காலத்தில் கட்டிய சிறு கோயிலும், தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகையும் இருக்கின்றன. வட்டக் கோயிலில் எங்கே உட்கார்ந்தாலும் எதிரே இன்னொருவர் முகம் தெரியும். குகைக்குள் போகிறவர்கள் மட்டும், யாராயிருந்தாலும், தலையைக் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது.