அல்ப்ஸ் அடிவாரத்துச் சரளைப் பாதைகள்

ஜேர்மனியின் தென்பகுதியாகிய பவேரியா மாநிலத்திலே, மியூனிக் நகரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணம். விடுமுறை நாளொன்றில் துவிச்சக்கர வண்டியில் அல்ப்ஸ் மலையடிவாரத்துக்குச் சென்ற அவர், காட்டினூடே செல்லும் சரளைப் பாதையொன்றில் மோட்டார் வண்டி ஒன்றையுங் காணாது அரைநாள் மகிழ்ந்து சென்றாராம். எல்லையைக் கடந்து ஒஸ்திரியாவுள் நுழைந்த பின்னரும் அதே காடு, அதே சரளை, அதே அகலம். ஆயினும் துவிச்சக்கர வண்டி செல்லலாகாது என்றொரு பலகை குறுக்கே நின்றதாம். "ஐயா, கல்லிலே வேற்றுமை இல்லை, பின் எதிலே வேற்றுமை?" என்று கேட்டிருந்தார். நல்ல வினா.

விடை காணுமுன், அப்பாதைகளை இட்டவர் யாவர், எதன்பொருட்டு இட்டனர் என்பதை அறிதல் வேண்டும். உல்லாசப் பயணிகளை எண்ணி எவரும் அவற்றை இடவில்லை. முற்காலத்தில் அம்மலைகளில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஈசார் ஆற்றின் வழியே மியூனிக்குக்குக் கொணர்ந்தனர். பின்னர் மரமேற்றும் லொறிகள் வந்தன. அவை ஏறி இறங்குவதற்காகவே காடெங்கும் மூன்று நான்கு மீற்றர் அகலத்தில் பாதைகள் வெட்டப்பட்டன. பாரமேற்றிய லொறி தீங்கின்றி இறங்கவேண்டுமாகலின், பாதையின் சாய்வு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாதவாறு வளைத்து வளைத்து இட்டனர். இன்று துவிச்சக்கர வண்டிக்காரர் மூச்சிரைத்தேனும் ஏறிவிடுவதற்கு லொறிக்காகக் கணித்த அச்சாய்வே காரணம். பாதை தொடங்குமிடத்தில் ஒரு தடைமரம் இருக்கும். அதனைத் திறக்கும் உரிமை காட்டதிகாரிக்கும், மலைமேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்ப்போருக்குமே உண்டு. மோட்டார் வண்டி புகாமைக்கு இத்தடைமரமே முதற் காரணம்.

பாதையின் கட்டமைப்பை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்குதல் எளிது. நம் ஒழுங்கைகளுக்கு மக்கி பரப்பி, நீர் தெளித்து, உருளையிட்டு இறுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். சுண்ணாம்புக்கல்லின் நுண்டூள் நீருடன் சேர்ந்து பெருங்கற்களைப் பிணிக்கின்றது. வட அல்ப்ஸ் மலைகளும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லால் ஆயவையே. ஆகலின் அங்கும் அடியிலே பருங்கல்லும், மேலே சிறுகல்லும் தூளும் இட்டு, தாரின்றியே திண்ணிய பாதை அமைக்கின்றனர். அதற்குப் பகை நீரே. நடுவை உயர்த்தி இருபுறமுஞ் சரித்தும், குறுக்கே சிறுவாய்க்கால்கள் இட்டும் மழைநீரை உடனே வெளியேற்றுகின்றனர். ஓராண்டு அவ்வாய்க்காலைத் துப்புரவு செய்யாதுவிடின், மறுகோடையிற் பாதையே ஓடையாகிவிடும். சுண்ணாம்பு மலைகளுக்கு வடக்கே களிமண் கலந்த பாறைப்பட்டை ஒன்றுண்டு. அங்கே மழைக்குப்பின் மண் வழுக்கும், சரிந்தும் விழும். இத்தகைய பாதைகளுக்கு அகன்ற சில்லும், ரயரில் மிதமான காற்றும் ஏற்றவை. இறுகக் காற்றடைத்த ஒடுங்கிய ரயர் சரளையிலே துள்ளும்.

மியூனிக்கிலிருந்து ஈசார் ஆற்றை எதிர்த்துத் தெற்கே சென்றால், லெங்க்ரீஸ், சில்வன்ஸ்டைன் நீர்த்தேக்கம், மிட்டன்வால்ட் என்பவற்றைக் கடந்து, 964 மீற்றர் உயரத்தில் ஒஸ்திரிய எல்லையூராகிய ஷார்னிட்ஸை அடையலாம். நகரத்தை அடுத்து ஆற்றின் இருகரைகளிலும் காட்டுநிழலிற் சரளைப் பாதைகள் உள்ளன. வழி முழுவதும் மோட்டார் வண்டி இல்லையென்று சொல்லின் அது பொய். நீர்த்தேக்கத்துக்கு மேலே, வால்காவ் என்னும் ஊர்வரை, சுங்கம் அறவிடும் தார்வீதியொன்றிலே கார்களுடன் சேர்ந்தே செல்லவேண்டும். ஆயினும் ஈசாரின் வெண்பரற் படுகைகள் மிக அழகாக விரிந்து கிடப்பது அங்கேதான். அந்நீர்த்தேக்கம் 1954 தொடக்கம் 1959 வரை கட்டப்பட்டது. ஃபால் என்ற சிற்றூர் அதன்பொருட்டு இடம் பெயர்ந்தது.

இனி வினாவுக்கு வருவோம். 1946ஆம் ஆண்டின் பவேரிய அரசியலமைப்பு தன் 141ஆம் உறுப்பிலே, இயற்கையழகை நுகர்தலும், காட்டிலும் மலைமேய்ச்சல் நிலத்திலும் நுழைதலும், காட்டுக்கனிகளை வழக்கமான அளவிற் பறித்தலும் யாவர்க்கும் உரியன என்று விதித்தது. போரில் அழிந்து பசித்திருந்த நாடு, கனி பறிக்கும் உரிமையையும் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது என்னை மிகவும் கவர்ந்தது. இதனைத் தழுவிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த தனியார் பாதைகளில் துவிச்சக்கர வண்டி செல்லவும் இடமளிக்கின்றது. நடப்பவர்க்கே முதலிடம் என்றும் கூறுகின்றது. காட்டினுட் செல்வோர் தம் பொறுப்பிலேயே செல்கின்றனர் என்பதும் அந்நாட்டுச் சட்டம்.

ஒஸ்திரியாவிலோ 1975ஆம் ஆண்டின் காட்டுச் சட்டமே யாவரும் பொழுதுபோக்காகக் காட்டுள் நுழையலாமென்று வகுத்தது. ஆனால் கூடாரமிடல், வண்டியோட்டல், குதிரையேற்றம் ஆகியவற்றுக்கு உடைமையாளரின் சம்மதமும், காட்டுப்பாதையாயின் அதனைப் பராமரிப்பவரின் சம்மதமும் வேண்டும். மலையேறும் துவிச்சக்கர வண்டி உலகிற் பரவியது அதன் பின்னரே. ஆயினும் வண்டியோட்டல் என்ற சொல்லுக்குள் அதுவும் அகப்பட்டுக்கொண்டது.

உடைமையாளர் வீண் பிடிவாதம் பிடிக்கின்றனர் என்று சொல்லிவிடலாகாது. 2014ஆம் ஆண்டு திரோல் மாநிலத்துப் பள்ளத்தாக்கொன்றில், நாயுடன் நடந்து சென்ற பெண்மணி ஒருவரை மேய்ந்துகொண்டிருந்த பசுக்கள் மிதித்துக் கொன்றன. 2019இல் நீதிமன்றம் விவசாயி மீதே பழியைச் சுமத்தியது. 2020இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பு இருபாலார்க்கும் பாதி பாதி என முடிவு செய்தது. இத்தகைய வழக்கைக் கேள்வியுற்ற காட்டுடையார் தடைமரத்தை மேலும் இறுகப் பூட்டுதல் இயல்பே. அந்தியிலும் வைகறையிலும் ஆட்கள் திரிந்தால் மானும் காட்டுக்கோழியும் மருளும் என்னும் வேட்டைக்காரர் முறைப்பாட்டிலும் உண்மை உண்டு.

திரோல் அரசு கண்ட வழி உடன்படிக்கை. உடைமையாளருக்குப் பாதையின் நீளத்துக்கேற்பப் பணம் கொடுத்து, விபத்துப் பொறுப்புக்குக் காப்புறுதியும் செய்து, குறித்த பாதைகளைத் துவிச்சக்கர வண்டிக்குத் திறந்து வைத்துள்ளனர். என் மனம் பவேரியச் சட்டத்தின் பக்கமே சாய்கின்றது. உரிமையை முன்வைப்பது அதுவே. ஆனால் ஆண்டுதோறும் வாய்க்காலைத் தோண்டிக் கல்லிட்டு நிரப்புபவனுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற வினாவுக்குத் திரோல்தான் நேரே விடை சொல்லியிருக்கின்றது.

என் மாணாக்கருக்கு இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, ஷார்னிட்ஸிலிருந்து கிழக்கே ஹின்டராவ் பள்ளத்தாக்கினுட் செல்லும் சரளைப் பாதை அவ்வாறு திறந்த பாதைகளுள் ஒன்று என்பதையும் குறித்தேன். அது ஏறக்குறைய 1,160 மீற்றர் உயரத்தில், ஈசார் ஆறு ஊற்றெடுக்கும் இடம்வரை செல்கின்றது. மிட்டன்வால்ட் வழியாக 1912இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை ஷார்னிட்ஸ் வரையும் துவிச்சக்கர வண்டியுடன் அவரைக் கொண்டுபோய் விடும். வரும் ஆனி மாதம் பனி உருகியதும் செல்வதாகப் பதில் வந்திருக்கின்றது.